காப்பி எழுத்து

சனிக்கிழமை மத்தியானம் எழுத்துக் கழுவுவது செபாஸ்டியனின் வேலை. அச்சகத்தின் பின்கட்டில் வடிகாலை ஒட்டிக் குட்டை முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வாரம் முழுக்க அச்சில் ஓடி மை காய்ந்துபோன ஈய எழுத்துகளைத் தகரத் தட்டில் பரப்பி, மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் தேய்ப்பார். அப்புறம் சோடாத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். சீன எழுத்தைக் கழுவ இரண்டு பேர் இருந்தார்கள், இங்கிலீஷுக்கு ஒருவர். தமிழுக்கு இவர்தான். கோர்ப்பதும் இவர், கழுவுவதும் இவர், கழுவியதைப் பிரித்து அதனதன் அறையில் போடுவதும் இவர்.

மலாயாவில், ஈப்போ நகரத்து அந்த அச்சகத்துக்குள் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் கிடையாது. முதலாளி லியோங் தவுக்கே சீனர். வேலையாட்களில் பாதி சீனர், பாதி மலாய்க்காரர். புரூப் திருத்துவதற்கு ஒழுங்காக இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் அச்சான தாளோடு ஒத்துப் பார்க்க. செபாஸ்டியன் இரண்டு ஆளாகவும் இருந்தார். ஒரு வரியை உரக்கப் படிப்பார், பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "சரி" என்று தனக்கே பதில் சொல்லிக்கொள்வார். வந்த புதிதில் தவுக்கே இதை ஜெபம் என்று நினைத்து, அவர் படிக்கும்போது பக்கத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது என்று உத்தரவு போட்டார். விஷயம் தெரிந்த பிறகும் உத்தரவை எடுக்கவில்லை.

வயது நாற்பத்து நாலு. நாகப்பட்டினத்தில் பாதிரிமார் அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம் கப்பலேறியவர். மனைவி ஹில்டா பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து நாள் படுத்தாள், அவ்வளவுதான். பிள்ளை இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அச்சகத்து மாடியில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டார். ஒரு ஆளுக்குச் சோறு பொங்குவது லேசான காரியம் இல்லை, எப்படி அளந்தாலும் அரிசி கூடிவிடும். மிஞ்சினதில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் அதையே சாப்பிட்டுவிட்டு, பதினேழு படி இறங்கினால் வேலை வந்துவிடும்.

இந்த மனிதருக்கு, மனைவி போய் ஒன்பது வருஷம் கழித்து, ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. அதற்குக் காரணம் காப்பி.

சிலிபின் பக்கம் ஒரு கொட்டகையில் சதாசிவம் என்பவர் காப்பிக்கொட்டை வறுத்து, அரைத்து, காகிதப் பொட்டலத்தில் கட்டித் தோட்டத்துக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தெற்கே தஞ்சோங் மாலிம் வரைக்கும், கடலோரத்தில் ஹுத்தான் மெலிந்தாங் வரைக்கும் அவருடைய பொட்டலம் போகும். லேபிள் அடிப்பது லியோங் தவுக்கேயின் அச்சகம். முதலில் லேபிளில் மயில் படம் இருந்தது. மரத்தில் செதுக்கின மயில், இரண்டு வருஷத்தில் அதன் கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது. புது மயில் வருகிற வரைக்கும் ஒப்பேற்றலாம் என்று செபாஸ்டியன் வெறும் எழுத்தை மட்டும் போட்டார். மதராஸிலிருந்து வந்த இருபத்துநாலு பாயிண்ட் எழுத்து. கால் குட்டை, வயிறு பெரிது, விருந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். தொந்தி எழுத்து என்று அதற்குப் பேர். பேர் வைத்ததும் அவர்தான், கூப்பிடுவதும் அவர்தான். அதற்குள் வேறு இரண்டு வியாபாரிகள் மயில் படம் போட்டுக் காப்பி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். "மயில் அவனுங்ககிட்டயே இருக்கட்டும், நமக்கு எழுத்துப் போதும்" என்றார் சதாசிவம்.

இருபத்தாறாம் வருஷம் சித்திரையில் ஒரு தவறு நடந்தது. ஒரே தாளில் எட்டு லேபிள் ஓட்டவேண்டும். தேய்ந்ததைக் கழித்துப் பார்த்தால் தொந்தியில் எழுத்துப் பற்றவில்லை. செபாஸ்டியன் வேறு பெட்டியிலிருந்து அதே உயரத்தில் ஒல்லி எழுத்தாகப் பார்த்து இரண்டு மூன்றைச் சொருகினார். படிக்கிறவனுக்கு எந்த எழுத்தில் இருந்தாலும் காப்பி காப்பிதானே என்று நினைத்தார். பத்தே நாளில் மூன்று தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாகச் சரக்கு திரும்பி வந்தது. போலிக் காப்பி என்று சனங்கள் தொடமாட்டேன் என்கிறார்களாம்.

சதாசிவம் அவரைக் கையோடு பிடித்து இழுத்துக்கொண்டு ரயிலில் சுங்காய்க்குப் போனார். ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் மூன்று மைல், ரப்பர்த் தோட்டத்து வாசலில் சீனியின் கடை. ஞாயிற்றுக்கிழமையாதலால் கடை முன்னால் கூட்டம்.

"அச்சுப்போட்ட ஆளையே கூட்டிட்டு வந்துட்டேன். சொல்லுங்க அண்ணே, ரெண்டும் ஒரே காப்பிதானே" என்று சதாசிவம் அவரை முன்னால் தள்ளினார்.

செபாஸ்டியன் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் முன்னால் வந்தாள். ராக்காயி என்று பேர், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், படிக்கத் தெரியாதவள், புருஷன் மலேரியாவில் இறந்து நாலு வருஷம். பழைய பொட்டலத்தையும் புதுப் பொட்டலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் கா, ப், பி மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"கால் நீட்டினவ, பொட்டு வச்சவ, கொண்டை போட்டவ. மூணு பேரும் குண்டா இருப்பாங்க. இதுல பாருங்க, கொண்டைக்காரி இளைச்சுப் போயிட்டா. இது நம்ம காப்பி இல்ல."

"அதானே, சோறு போடாம வச்சிருக்கான் போல" என்றது கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். சதாசிவம் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவிலேயே செபாஸ்டியனைப் பிடித்துக்கொண்டார். "கம்பெனிய மூடறதுக்கா நீங்க எழுத்துக் கோக்கிறீங்க? எனக்கு வேற அச்சாபீஸ் கிடைக்காதா?" என்று என்னென்னவோ சொன்னார். செபாஸ்டியன் காதில் பாதிதான் விழுந்தது. அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அவர் கோர்த்ததைப் பல பேர் படித்திருக்கிறார்கள். பார்த்தது இவள் ஒருத்திதான்.

அன்றிலிருந்து செபாஸ்டியன் ஒரு விதி வைத்துக்கொண்டார். சதாசிவம் கம்பெனியின் பேர் எங்கே வந்தாலும் அது தொந்தி எழுத்தில்தான் வரவேண்டும்.

"பில்லுக்கு எதுக்கு அண்ணே தொந்தி? சின்ன எழுத்துப் போதாதா?" என்றார் சதாசிவம்.

"பேர் மட்டும் அதுல இருக்கட்டும். மத்தது எப்படியும் போகட்டும்."

"வண்டிப் பலகைக்கு?"

"அதுக்கும்தான். பெயிண்டருக்கு நான் தாள்ல பெருசா வரைஞ்சு குடுக்கிறேன். அவன் இஷ்டத்துக்குச் சுழிக்கக் கூடாது."

"விட்டா என் நெத்தியிலயும் எழுதிடுவீங்க போல."

"நெத்தியில எடம் பத்தாது" என்றார் செபாஸ்டியன்.

சதாசிவத்துக்கு இது பிடித்துப்போயிற்று. மதராஸுக்கு எழுதிப் புதிதாக ஒரு பெட்டி நிறைய அதே எழுத்தை வரவழைத்தார். பெட்டிக்குப் பூட்டு போட்டு, சாவியைச் செபாஸ்டியன் ஜெபமாலையோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த எழுத்து வேறு எந்த வேலைக்கும் போகாது. தோட்டத்துக் கங்காணி பத்துமலை, தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தவர், சுவரில் இருந்த லேபிளைக் காட்டி, "இந்தக் குண்டு எழுத்துல போடுங்களேன், அம்சமா இருக்கு" என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்.

"காப்பி எழுத்துல கல்யாணப் பத்திரிகையா? வந்தவங்கல்லாம் பந்தியில காப்பி எங்கன்னு கேப்பாங்க" என்று சொல்லிவிட்டார் செபாஸ்டியன். பத்துமலைக்கு மனத்தாங்கல்தான்.

மாதத்தில் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் சுங்காய்க்கு ரயிலேறுவது வழக்கமாயிற்று. புது லேபிள் புரூப்பைத் தோட்டத்துச் சனங்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றார். சதாசிவம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

சனங்கள் என்பது ராக்காயிதான். சீனி கடைப் பெஞ்சில் அவர் தாளை விரித்து வைத்து, "நீங்க பாருங்க" என்பார். முதல் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டத்தில் பால் வெட்டுகிறவளை 'நீங்க' என்று கூப்பிட்ட ஆள் கிடையாது. கங்காணி கூப்பிடுகிற விதத்தை எழுத்தில் போட முடியாது. எல்லோரையும் அண்ணே அண்ணே என்கிற ராக்காயி, இவரை மட்டும் எழுத்துக்காரரே என்றாள். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு செபாஸ்டியன் எத்தனையோ நாள் மாடியில் படுத்தபடி யோசித்திருக்கிறார்.

அவள் விரல் தாளில் ஊர்ந்து போகும். "இவளுக்குக் காலு தேஞ்சிருக்கு. மாத்திடுங்க." சரியாக இருக்கும். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்காத தேய்மானத்தை அவள் வெறுங்கண்ணில் சொல்லிவிடுவாள். மரத்தில் தினம் மயிரிழை அளவு பட்டை சீவுகிற கண் அது. தாள் பார்த்து முடிந்ததும் பேச ஒன்றும் இருக்காது. மழை, ரயில் நேரம், காலில் அட்டை கடித்தது. பதினாலு மாதத்தில் அவர்கள் பேசினதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கம் நிரம்பாது. திரும்பும்போது ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு வருவார். பக்கத்தில் யாராவது "எங்க போயிட்டு வாரீங்க" என்று கேட்டால், "கம்பெனி வேலை" என்பார்.

கேட்டுவிட வேண்டும் என்று மூன்று தடவை போனார். மூன்று தடவையும் கேட்காமல் வந்தார். கேட்பதற்கு அவரிடம் வார்த்தை இல்லை என்பதல்ல. வாழ்நாளில் முந்நூறு கல்யாணப் பத்திரிகைக்குக் குறையாமல் கோர்த்தவர், வாசகம் தலைகீழாகப் பாடம். ஆனால் அது விரலில் இருந்தது, வாயில் இல்லை.

அதனால் கடைசியில் விரலாலேயே கேட்டார். இருபத்தேழாம் வருஷம் ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அச்சகத்தில் ஆளில்லாத நேரம், பூட்டைத் திறந்தார். 'நிகழும் பிரபவ வருஷம்' என்று ஆரம்பித்து, மாதத்துக்கும் தேதிக்கும் இடம் விட்டு, 'ராக்காயிக்கும் செபாஸ்டியனுக்கும் விவாகம் செய்ய நிச்சயிப்பதற்கு ராக்காயி சம்மதம் சொல்ல வேண்டியது' என்று கோர்த்தார். மேலே பிள்ளையார் சுழி போடவில்லை, சிலுவையும் போடவில்லை. அவள் மாரியம்மன் கும்பிடுகிறவள், இவர் வேதக்காரர். அந்தப் பேச்சைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அந்த இடத்தையும் காலியாக விட்டார். முழுக்கத் தொந்தி எழுத்து. பத்துமலைக்குச் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்த எழுத்து இது ஒன்றுதான். இதைப் பார்த்தால் அசட்டையாகப் போடமாட்டாள், யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பாள் என்று நினைத்தார். ஒரே ஒரு தாள் அடித்தார். இரண்டு குரலில் புரூப் படித்தார். இரண்டாவது குரலில் "சரி" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

சீனி படித்துவிடக் கூடாது என்று ஒரு காப்பிப் பொட்டலத்தின் அடிப்பக்கத்தைப் பிரித்து, தாளை மடித்து உள்ளே வைத்து, மறுபடியும் ஒட்டினார். மாதக் கடைசியில் அதைச் சீனியிடம் கொடுத்து, "ராக்காயிகிட்ட குடுத்துடுங்க" என்றார்.

"என்ன அண்ணே, திடீர்னு?"

செபாஸ்டியனுக்கு முகம் சுட்டது. "கம்பெனி குடுத்தது" என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்க்க நிற்காமல் முந்தின ரயிலைப் பிடித்து வந்துவிட்டார்.

பிறகு ஒரு மாதம். அந்த மாதத்தில் அவர் இரண்டு கருமாதிப் பத்திரிகையும் ஒரு கோயில் நோட்டீஸும் கோர்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பிழை விட்டார். தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசல் பக்கம் போய் நிற்பார். அவளுக்கு எழுதத் தெரியாது என்பது நின்றபிறகுதான் ஞாபகம் வரும். தவுக்கே ஒருநாள் அவரை உற்றுப்பார்த்து, "சாக்கிட்?" என்று கேட்டார், உடம்புக்கு முடியவில்லையா என்று. இல்லை என்று தலையாட்டினார். ராத்திரி அரிசி அளக்கும்போது மட்டும், கூடிப்போனால் போகட்டும் என்று ஒரு பிடி அதிகமாகவே போட்டார்.

அடுத்த மாதக் கடைசியில் கடைக்குப் போனால் அவள் இல்லை.

"கால்ல மரக்கிளை விழுந்து வீங்கிக் கிடக்கு. ரெண்டு நாளா லயத்திலதான் இருக்கு" என்றார் சீனி. "பொட்டலம் குடுத்துட்டேன்லா. ஒண்ணும் சொல்லலியே. கம்பெனி மறுபடியும் குடுக்குமான்னு கேட்டுச்சு."

செபாஸ்டியன் முதல் தடவையாகக் கூலிக்காரர்களின் லயத்துக்கு நடந்தார். வரிசை வீடுகளில் நாலாவது. கதவு திறந்திருந்தது. ராக்காயி அடுப்பில் உலை வைத்துவிட்டுச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, எழுந்திருக்கப் பார்த்தாள்.

"வேணாம், உக்காருங்க."

"உள்ள வாங்க எழுத்துக்காரரே. அந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காருங்க."

பால்வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் காப்பி லேபிள்கள், கஞ்சிப் பசை தடவி, ஒரே வரிசையாக ஒட்டியிருந்தன. பதினைந்து பதினாறு இருக்கும். அவருடைய தாள் அதில் இல்லை. வரிசையை இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தார்.

அவளே வெளியே எட்டிப்பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கதவச் சாத்துங்க கொஞ்சம்."

சாத்தினார். கதவின் பின்பக்கத்தில் அது இருந்தது. நாலு மூலையும் ஒட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"யாருகிட்டயும் காட்டல. கம்பெனி என்ன குடுத்துச்சுன்னு சீனி அண்ணன் கேட்டப்பகூட வெறும் காப்பித்தூள்தான்னுட்டேன்" என்றாள். "எழுத்து நம்ம எழுத்துதான், குண்டு குண்டா இருக்கு. ஆனா காப்பின்னு எங்கயுமே இல்லையே. நானும் ஒரு மாசமா வெளிச்சத்துல வச்சு வச்சுப் பாத்தேன். மூணு பேரும் சேந்தாப்புல எங்கயும் நிக்கல. நடுவுல எடம் வேற விட்டுப் போயிருக்கு. தப்பா அடிச்சுட்டீங்கன்னு தெரிஞ்சிருச்சு. அன்னிக்கு ஒரு எழுத்து இளைச்சதுக்கே அந்தக் காப்பிக் கம்பெனி மனுசன் உங்கள நடுக்கடையில வச்சு அந்தப் பேச்சுப் பேசினாரு. இது வெளிய தெரிஞ்சா வேலையே போயிடும்னு ஒளிச்சு வச்சேன். வேற யாருக்கும் போகலியே?"

"இல்ல" என்றார் செபாஸ்டியன். "ஒண்ணுதான் அடிச்சேன்."

"நல்ல வேளை."

உலை கொதித்தது. அவள் எட்டி மூடியைச் சற்றே விலக்கிவிட்டாள். செபாஸ்டியன் எழுந்து கதவருகே போனார். அவள் செய்கிற மாதிரியே எழுத்துக்குக் கீழே விரலை வைத்தார். ஆரம்பத்திலிருந்து படித்தார். காலியாக விட்ட இடம் வந்ததும் நிறுத்தி, "இங்க மாசம், இங்க தேதி" என்றார். மறுபடி படித்தார். இரண்டாவது குரல் வரவில்லை. ஒரே குரலில் முடித்தார்.

அவள் முதுகை நிமிர்த்திக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"எம் பேரு எது?"

காட்டினார். அவள் எழுந்து, நொண்டியபடி வந்து, தொடாமல் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாள்.

"எம் பேரு எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றாள். கோபமாகச் சொன்னாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "வேற எழுத்துல போட்டிருக்கக் கூடாதா? இந்த எழுத்தப் பாத்தா எனக்குக் காப்பிதானே ஞாபகம் வரும்."

"வேற எழுத்து உங்களுக்குத் தெரியாதே."

"தெரியாதுதான். வாயால சொன்னா தெரியும்ல?"

அவர் தாளின் மூலையை விரலால் அழுத்திவிட்டார். வெளியே யாரோ கோழியை விரட்டிக்கொண்டு போனார்கள். அடைத்த அறைக்குள் புகை சேர்ந்துகொண்டிருந்தது.

"காப்பிக் கம்பெனி எழுத்த இதுக்கு எடுத்தது அந்த மனுசனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இனிமே நான் கடையில போய்க் காப்பி வாங்கறப்பல்லாம் இதுதான் கண்ணுல நிக்கும்" என்றாள் அவள், தனக்குள் சொல்வது போல.

செபாஸ்டியன் கதவிலிருந்து விரலை எடுத்தார். பூட்டும் சாவியும் ஈயமும் இல்லாமல், வெறும் வாயால், "நீங்க என்ன சொல்றீங்க ராக்காயி?" என்று கேட்டார். கேட்டுவிட்டார்.

அவள் அடுப்புப் பக்கம் போனாள். தண்ணீர் கொண்டுவரப் போகிறவள் போலக் குடத்தைத் தூக்கினாள். குடம் நிறைய இருந்தது. அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், வீங்கின காலை இழுத்து இழுத்துப் பின்வாசல் வழியாக வெளியே போனாள்.